இட்டேரிக்குள் நுழையாத கார்

புளியங்காடு, வெண்ணந்தூர்
6.8.2024

மாப்பிள்ளை முருகானந்தம் அவர்களுக்கு,

செல்லமுத்து சொல்லச் சொல்லப் பக்கத்துத் தோட்டத்து அன்புச்செல்வி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபத்தில் இருப்பவனைச் சளியும் காய்ச்சலும் அண்டாது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? பேத்தி தனப்பிரியா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? இதையெல்லாம் போனிலேயே கேட்டிருப்பேன். போனைக் காதில் வைத்தால் காது மெஷின் விசில் அடிக்கிறது. உங்கள் மாமியார் இருந்தவரை அவள் பேசினாள். இப்போது கடிதம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆடிப் பதினெட்டுக்கு நீங்கள் வந்த அழகைச் சொல்கிறேன், கேளுங்கள். இட்டேரி வாயில் ஆரன் சத்தம் கேட்டது. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் வண்டித்தடம், என் வீடு வரை நேராக வருகிற வழி. நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு நின்றேன். கமலவேணி மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள். "மாப்ள எங்க சாமி?" என்றேன். "வண்டி அடி தட்டுதுங்கப்பா, அங்கயே நிக்கறாரு" என்றாள். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாள், வெயிலில் நிற்கிறீர்களாம்.

அவளைக் கொண்டுவந்து விடுகிற சாக்கில் நானும் வந்து பார்த்தேன். கார் அடைகாக்க உட்கார்ந்த கோழி மாதிரி மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. டயருக்கும் மேலே தகரத்துக்கும் நடுவில் விரல் நுழையவில்லை. "வண்டிக்கு என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன். "ஸ்பிரிங் மாத்தியிருக்குதுங்க மாமா, எறக்கமா இருக்கட்டும்னு" என்றீர்கள். ஏதோ ஏலத்தில் எடுத்த மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

எனக்குப் புரிந்தது இதுதான். வண்டி உயரமாக இருந்தவரை என் வீட்டு வாசல் வரை வந்தீர்கள். இப்போது வண்டியை இறக்கிவிட்டு, வழி சரியில்லை என்கிறீர்கள். வழி அப்படியேதான் இருக்கிறது. இறங்கியது வண்டி. மாமனார் வீட்டுக்கு வராமல் இருக்க ஆயிரம் சாக்கு உண்டு. ஸ்பிரிங்கை மாற்றிச் சாக்குத் தேடியவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பழையபடி ஏற்றிக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு, வாசலுக்கு வாருங்கள்.

கோபம் குறையாத,
செல்லமுத்து (கைநாட்டு)

*

கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம்
19.8.2024

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

முருகானந்தம் வணக்கத்துடன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌகரியம். என் முழங்கால் மாடிப்படி இறங்கும்போது மட்டும் பேசுகிறது. தனப்பிரியா ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். உங்கள் காது மெஷினுக்குப் புது பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன்.

கார் விஷயம் சின்ன விஷயம் மாமா. ஸ்பிரிங் மட்டும்தான் கடையில் வாங்கிப் போட்டது. ஷாக் அப்சர்பர் வண்டியோடு வந்ததே இருக்கிறது. தினமும் அஸ்தம்பட்டி வழியாக இளம்பிள்ளைக்கும் திரும்பவும் ஓடுகிற வண்டி. தார் ரோட்டில் ஒன்றும் தெரிவதில்லை, வேகத்தடைகளில் மட்டும் சாய்த்து ஏற்ற வேண்டியிருக்கிறது. அன்று நான் வெளியே நின்றது, வரும்போது புகைக்குழாய் கல்லில் தட்டியதால், கீழே ஏதும் கழன்றிருக்கிறதா என்று பார்க்கத்தான். உள்ளே வராமல் போனது தவறுதான்.

இந்த வீட்டில் எது நடந்தாலும் அதற்கு நான்தான் பொறுப்பு. என்னைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் மருமகன்,
முருகானந்தம்

*

புளியங்காடு
26.8.2024

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று தெரிந்து மகிழ்ச்சி. இத்தோடு மகிழ்ச்சி முடிந்தது.

சின்ன விஷயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்புச்செல்வி அந்த வரியைப் படித்தபோது மறுபடி படிக்கச் சொன்னேன். எது சின்ன விஷயம்? நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன். எழுதத் தெரிந்தவன் எழுதி வைத்துவிட்டு மறந்துபோவான். எனக்கு அந்த வசதி இல்லை. எல்லாம் தலையிலேயே கிடக்கிறது. உங்கள் கல்யாணத்தன்று மழை வந்து பந்தல் ஒழுகியது. உங்கள் பெரியப்பா பந்தியில் எழுந்து நின்று, "ரசத்துக்குத் தண்ணி பத்தலன்னு பொண்ணு ஊட்டுக்காரங்க வானத்தையே கூப்புட்டுட்டாங்கப்பா" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் போய் மாட்டுக் கொட்டகையில் நின்றேன். தலைத் தீபாவளிக்கு என் வீட்டுக் கம்பு தோசையை ஓரம் தள்ளி, "எனக்கு இது ஒத்துக்காதுங்க" என்றீர்கள். அதே வாரம் ராசிபுரத்துச் சந்தையில் கம்பங்கூழ் குடித்ததை என் பங்காளி பார்த்துவிட்டு வந்து சொன்னான். இதெல்லாம் சின்ன விஷயமாகத்தான் வந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி இப்போது இட்டேரி வாயில் வந்து நிற்கிறது.

ராசிபுரத்தில் லாரிப் பட்டறை வைத்திருக்கிற காத்தானிடம் கேட்டேன். அவன் சிரிக்கிறான். "ஸ்பிரிங்கு குட்டையானா ஷாக்கும் குட்டையா இருக்கோணும் பெரியவரே. பழைய ஷாக்குல குட்டை ஸ்பிரிங்கப் போட்டா அது எந்நேரமும் பாதி மடங்கியேதான் நிக்கும். பள்ளத்துல அமுங்க எடமிருக்காது. ரப்பர் கட்டையில போயி டம்மு டம்முனு இடிக்கும். கொஞ்ச நாள்ல எண்ணெயக் கக்கீரும்" என்றான். முக்கால்வாசி எனக்குப் புரியவில்லை. இடிக்கும் என்பது புரிந்தது. அந்த வண்டியில்தானே என் மகளை ஏற்றிக்கொண்டு போகிறீர்கள்? பேங்கில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கடன் கொடுக்கிறவருக்கு நாற்பத்தொன்பது வயதில் இது என்ன விடலை ஆட்டம்?

(இந்த இடத்தில் ஐயா சொன்ன இரண்டு வார்த்தைகளை நான் எழுதவில்லை. அ.செ.)

வண்டி ஏறட்டும். அதுவரை இந்தப் பக்கம் வர வேண்டாம்.

செல்லமுத்து

அன்புச்செல்வி படித்துக் காட்டினாள். நான் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைகிறது. நீங்களே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

*

கொண்டப்பநாயக்கன்பட்டி
22.9.2024

மாமா அவர்களுக்கு,

வணக்கம். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். கோபமில்லை. ஒரு நல்ல செய்தி முடிவாகட்டும் என்று காத்திருந்தேன். எல்லோரும் நலம். கமலவேணிக்கு மட்டும் முதுகுப் பிடிப்பு, எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாள்.

தனப்பிரியாவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. பையன் குமரன், ஓமலூர்ப் பக்கம், குணமாகப் பேசுகிறான். தனப்பிரியாவுக்கு முழுச் சம்மதம். தை மாதத்தில் கல்யாணம், நிச்சயத்தை முந்தின நாளே வைத்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். குலதெய்வத்துக்கு வைத்துவிட்டு முதல் வெற்றிலை பெண்ணுடைய அம்மா பிறந்த வீட்டுக்குத்தான் வர வேண்டும். புரட்டாசி கழியட்டும், ஐப்பசி பிறந்ததும் நாங்கள் நேரில் வந்து தட்டைக் கையில் கொடுத்து அழைக்கிறோம். நீங்கள் முன்னே நின்றால்தான் அவள் மணமேடை ஏறுவாளாம், அவளே சொன்னாள்.

கார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பின் பக்கத்து ஷாக்கில் எண்ணெய் கசிகிறது. காத்தான் சொன்னது சரிதான். மற்றதை நேரில் பேசலாம்.

முருகானந்தம்

*

புளியங்காடு
28.9.2024

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பேத்தி கல்யாணச் சேதி கேட்டு அன்றைக்கே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். அவள் நன்றாக இருக்க வேண்டும். குமரனுக்கு வெயிலில் நிற்கிற உடம்பா, நிழலில் நிற்கிற உடம்பா என்று விசாரித்தீர்களா? விசாரியுங்கள்.

வண்டியை ஏற்றினீர்களா இல்லையா என்று ஒரு வரி எழுதினால் போதும். நாலு பக்கம் எழுதுகிறீர்கள், அந்த ஒரு வரி மட்டும் வரவில்லை. நேரில் பேசலாம் என்றால் நான் கேட்பேன், நீங்கள் தலையைச் சொறிவீர்கள், அவள் "காப்பி வெக்கட்டுங்களாப்பா" என்பாள். அதோடு முடியும்.

வெற்றிலை கொண்டு வருகிறவர்களை வர வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் என் குடும்பத்தில் இல்லை. வாருங்கள். ஆனால் ஆடியில் வந்ததுபோல் வாயிலில் நிறுத்திவிட்டு நடந்து வந்தால் அந்த வெற்றிலை எனக்கு வேண்டாம். முதல் அழைப்பு வாசலுக்கு வண்டியில் வர வேண்டும், ஊர் பார்க்க. இட்டேரிக்கு ஆள் விட்டு மண் போட்டிருக்கிறேன். வந்தால் தெரியும்.

அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

செல்லமுத்து

*

கொண்டப்பநாயக்கன்பட்டி
14.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை எத்தனை பேருக்குப் படித்துக் காட்டினேன் தெரியுமா? நீங்கள் மண் போட்டதாக எழுதிய வரியைக் கமலவேணி வாங்கித் தானே படித்தாள். படித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். வரும்போது மூக்கு சிவந்திருந்தது. "வெங்காயம்" என்றாள். அடுப்பில் பால் மட்டும்தான் இருந்தது.

வாயிலில் நிறுத்திவிட்டு நடந்து வந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தோம். எங்களுக்காக நீங்கள் வழியையே சரி செய்த பிறகு அப்படிச் செய்யக் கூடாது. வருகிற ஞாயிறு, 20ஆம் தேதி, காலையில் வாசலுக்கே வருகிறோம். இளநீர் வெட்டி வைக்க வேண்டாம், உங்களுக்குச் சிரமம். கம்பு தோசை இருந்தால் சாப்பிடுகிறேன்.

மிகுந்த சந்தோஷத்துடன்,
முருகானந்தம்

*

புளியங்காடு
23.10.2024

முருகானந்தம் அவர்களுக்கு,

என் உடம்பைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டாம், உங்களைப் பற்றி நானும் கேட்கவில்லை.

வெற்றிலைத் தட்டை எல்லை வரை கொண்டுவந்து திருப்பிக் கொண்டுபோன சம்பந்தம் எந்த ஊரில் நடந்திருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை நான் குளித்து, கரை வேட்டி கட்டி, வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தேன். கம்பு மாவு கரைத்து வைத்திருந்தேன். ஆமாம், நானேதான் கரைத்தேன். கார் சத்தம் வந்தது. அப்புறம் 'டங்' என்று ஒரு சத்தம். சரி, நின்றுவிட்டார்கள், இனி இறங்கி நடந்து வந்து, "தப்பு மாமா, ஏத்திப்புடறேன்" என்று சொல்வார் என்று இருந்தேன். நான் எழுந்து வரவில்லை. அழைக்க வருகிறவர்தான் வீட்டுக்கு வர வேண்டும். அழைக்கப்படுகிறவன் ரோட்டுக்கு ஓட முடியாது.

யாரும் வரவில்லை. வெயில் ஏறி நான் போய்ப் பார்த்தபோது மண்ணில் கறுப்பாக எண்ணெய் ஓடிக் கிடந்தது. முழுத் தேங்காய் ஒன்று வேலியோரம் கிடந்தது. காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள் என்று ஆடு மேய்த்தவர்கள் சொன்னார்கள்.

இட்டேரி வாயில் மேடு போட்டது நான்தான். மறைக்கவில்லை. மண் நிற்காது என்று உள்ளே வேலிக்கு நட்டு உடைந்த கல்லுக்கால் ஒன்றை வைத்துக் கட்டியதும் நான்தான். டிராக்டர் ஏறுகிறது. பால்காரர் வண்டி ஏறுகிறது. உயரமான கார் எதுவும் ஏறும். இறக்கிய கார் மட்டும் நிற்கும். உங்களுக்குப் புத்தி வர வேண்டும் என்று போட்டேன். அதில் என்ன தப்பு? தட்டிய சத்தம் கேட்டதும் இறங்கி நடந்து வந்திருந்தால் அத்தனையும் அன்றைக்கே தீர்ந்திருக்கும். திரும்பிப் போனது உங்கள் திமிர்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வெற்றிலை என் கைக்கு வராமல் நான் எந்தக் கல்யாண மண்டபத்துப் படியையும் ஏறியவன் இல்லை. என் கூடப் பிறந்தவள் மகன் கல்யாணத்துக்கே, அழைப்பை ஆள் மூலம் கொடுத்து விட்டார்கள் என்று போகவில்லை. பேத்தி கல்யாணமானாலும் அதேதான். மறுபடி வந்து முறையாக அழையுங்கள்.

செல்லமுத்து

கமலவேணி அக்கா, இது அன்புச்செல்வி. மண் போட்டதாக ஐயா எழுதச் சொன்னபோது வழியைச் சரி பண்ணிவிட்டார் என்று நினைத்துத்தான் எழுதினேன். நான் அந்தப் பக்கம் போகிறதில்லை, எங்களுக்கு வேறு வழி. சத்தியமாக எனக்குத் தெரியாது. இதை எழுதும்போது ஐயா "என்னத்த இத்தன எழுதற?" என்கிறார். தேதி போடுகிறேன் என்றேன்.

*

புளியங்காடு
12.11.2024

முருகானந்தம் அவர்களுக்கு,

தீபாவளி வந்து போனது. நீங்கள் சுகமாகக் கொண்டாடியிருப்பீர்கள். நான் பட்டாசுச் சத்தம் கேட்காமல் மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கினேன்.

பதில் இல்லை. முன்பெல்லாம் திட்டினால் பதில் வரும். அதுவும் போய்விட்டது. ஊரில், "பேத்தி கண்ணாலத்துக்கு என்னிக்குப் போறீங்க?" என்று கேட்கிறார்கள். "என்னை யாரு கூப்புட்டா?" என்று கேட்க வாய் வரவில்லை. கிழங்குக் காட்டுக்குத் தண்ணீர் கட்டுகிறேன் என்று நடந்துவிடுகிறேன். கிழங்குக்கு இந்த மாதத்தில் அவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை.

வெற்றிலைக்கு வழி சொல்லுங்கள். மேட்டைத் தாண்டி நடந்து வந்தாலும் சரி. இதற்கு மேல் நான் இறங்க மாட்டேன்.

செல்லமுத்து

*

கொண்டப்பநாயக்கன்பட்டி
24.11.2024

அப்பாவுக்கு,

கமலவேணி எழுதுகிறேன். இங்கே யாருக்கும் நலமில்லை, அதனால் நலம் என்று எழுதவில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது வேறு.

இந்தக் கடிதத்தை அன்புச்செல்வி படிக்கப் படிக்க நடுவில் நிறுத்தக் கூடாது. நீங்கள் கத்தினாலும் நிறுத்தக் கூடாது.

அந்தக் கார் என்னுடையது. என் சம்பளத்தில் என் பெயரில் வாங்கியது. இளம்பிள்ளைப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் அதை ஓட்டிக்கொண்டு போகிறவள் நான். ஸ்பிரிங்கை மாற்றியதும் நான். ஒருநாள் அஸ்தம்பட்டி சிக்னலில் இதே கார் ஒன்று இறக்கமாக நின்றது. அது நின்ற விதம் எனக்குப் பிடித்துவிட்டது. அவ்வளவுதான். நாற்பத்தாறு வயதில் ஒன்று பிடித்தது. ஏன் என்று கேட்டால் சொல்ல என்னிடம் காரணம் கிடையாது. கடைக்காரர் ஷாக்கையும் சேர்த்து மாற்றச் சொன்னார். "அது நல்லாத்தானுங்க இருக்குது, ஸ்பிரிங்கு மட்டும் போதும்" என்றது நான். அது என் தப்பு. அந்தத் தப்பு என் முதுகில்தான் இடித்தது, உங்கள் முதுகில் இல்லை.

முதல் கடிதம் வந்த அன்றே, நான் எழுதிச் சொல்கிறேன் என்றேன். அவர்தான் வேண்டாம் என்றார். "உங்கப்பா என்னயத் திட்டுனா அது மாமனாரு திட்டு, காத்துல போயிரும். உன்னயத் திட்டுனா நீ அந்த ஊட்டுக்கே போக மாட்ட. எனக்குத் தெரியும்" என்றார். நானும் சரி என்று பேசாமல் இருந்தேன். அதற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை. உங்கள் பக்கம் வரும்போதெல்லாம் அவர்தான் ஓட்டுவார், அன்று நான்தான் ஓட்டினேன். இட்டேரி வாயில் புது மண்ணைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தேன். அவர் மடியில் தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய். "உங்கப்பனுக்கு மனசு எறங்கிருச்சு பாரு, மண்ணெல்லாம் போட்டு வெச்சிருக்காரு. தைரியமா உடு கமலா" என்றார். உட்டேன். உங்கள் கல்லுக்கால் என்ஜினுக்குக் கீழே எண்ணெய்த் தொட்டியைக் கிழித்தது. முன்னால் இரண்டு ஷாக்கும் போயின. அவர் தட்டோடு முன்னால் போய் மோதினார். தேங்காய் வாயில் அடித்து முன் பல் உடைந்தது. உதடு கிழிந்து ரத்தம் தட்டில் கொட்டியது.

நான் அழுதுகொண்டே, "எறங்குங்க, அப்பா ஊட்டுக்குப் போலாம்" என்றேன். அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வெற்றிலையைப் பார்த்தார். "ரத்தம் பட்ட வெத்தலைய வயசானவரு கையில குடுக்கறதா? புள்ள கண்ணாலத்து மொத வெத்தலை. திருப்பிக்கலாம் கமலா" என்றார். அதனால் திரும்பினோம். திமிர் என்று எழுதியிருந்தீர்களே, அந்தத் திமிர் இதுதான். நீங்கள் எட்டிப் பார்ப்பீர்கள் என்று இழுவை வண்டி வரும் வரை நின்றோம். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று உங்கள் கடிதம் வந்தபிறகுதான் தெரிந்தது.

அப்பா, உங்கள் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் படித்தேன். அவர் முழங்காலைக் கேட்டிருக்கிறீர்கள். தனப்பிரியா சாப்பாட்டைக் கேட்டிருக்கிறீர்கள். பார்க்காத குமரனுக்கு வெயில் தாங்குமா என்றுகூடக் கேட்டிருக்கிறீர்கள். என்னை "அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று மட்டும். எனக்கு முதுகுப் பிடிப்பு என்று அவர் எழுதினாரே, அதற்கு ஒரு வரி உண்டா? என்னை எவரோ ஓட்டிக்கொண்டு வருவார்கள் என்றே இருந்தீர்கள். ஸ்டியரிங்கில் நான் இருப்பேன் என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால் அந்தக் கல்லை வைத்திருப்பீர்களா? வைத்திருக்க மாட்டீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் என்றால் கல் வைக்கலாம், இல்லையா?

காரை ஏற்றவில்லை. ஏற்றவும் மாட்டேன். வெற்றிலையும் மறுபடி இங்கிருந்து வராது. அவர் போகிறேன் என்கிறார், நான் விடவில்லை.

கமலவேணி

*

புளியங்காடு
30.11.2024

கமலவேணி அம்மிணிக்கு,

உன் அப்பன் சொல்லி எழுதுவது. உன் முதுகு எப்படி இருக்கிறது? இதைக் கேட்டுவிட்டேன். இனி திட்டுகிறேன்.

அன்புச்செல்வி நிறுத்தாமல்தான் படித்தாள். நானும் கத்தவில்லை.  மறுநாள்தான் கத்தினேன்.

உன் மேல் எனக்குக் கோபம்தான். பிடித்தது என்றால், "எனக்குப் புடிச்சுதுங்கப்பா" என்று ஆடியிலேயே சொல்லியிருக்கலாம். நான் ரெண்டு நாள் குதித்திருப்பேன், மூணாம் நாள் கறி எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். என்னை உனக்குத் தெரியாதா? உன் வீட்டுக்காரர் மேல் அதைவிடக் கோபம். நான் திட்டத் திட்ட வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே அந்த மனுசன். தான் செய்யாத தப்புக்கு என்னை நாலு மாதம் ஏச வைத்துவிட்டார். அவர் நல்லவராகிவிட்டார். நான் என்ன ஆனேன்? அவர் பெரியப்பா ரசத்தையெல்லாம் இழுத்துப் பேசினேனே, அதை நான் எப்படித் திரும்ப விழுங்குவது? அவரிடம் நான் கேட்டதாகச் சொல். என்ன கேட்டேன் என்று உனக்குத் தெரியும். அதை எழுத வைக்காதே, அன்புச்செல்வி பார்க்கிறாள்.

அவர் என்றால் கல் வைக்கலாமா என்று கேட்டாய்.  அவர் பல்லை நல்ல டாக்டரிடம் காட்டு. கல்யாணப் படத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்க வைத்துவிடாதே.

மேட்டை எடுத்தாயிற்று. கல்லும் இல்லை.

இப்போது வெற்றிலை. நீயும் விட மாட்டாய், நானும் விட மாட்டேன். என் பிடிவாதம் உனக்கு வந்திருக்கிறது, வேறு எங்கிருந்து வரும்? ஆனால் கேள். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணையும் பெற்றவர்களையும் அம்மா பிறந்த வீட்டுக்கு விருந்துக்கு அழைப்பது முறை. அந்த விருந்துக்கு வெற்றிலை வைக்க வேண்டியது நான். மார்கழி பிறக்கும் முன் வைத்தாக வேண்டும். வியாழக்கிழமை 12ஆம் தேதி தட்டோடு பஸ் ஏறி வருகிறேன். அழைப்பில்லாமல் உன் வீட்டுப் படி ஏறினேன் என்று ஒருவனும் சொல்ல முடியாது. அழைக்க வந்தவன் நான். வந்த இடத்தில் நீ எனக்கு வெற்றிலை கொடுப்பாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம்.

அஸ்தம்பட்டியில் இறங்குவேன். அந்தக் காரை எடுத்துக்கொண்டு நீ வர வேண்டும். நான் முன்னால்தான் உட்காருவேன். இடித்தால் திட்டுவேன். நீ பாட்டுக்கு ஓட்டு.

உன் அப்பன்,
செல்லமுத்து

*

கொண்டப்பநாயக்கன்பட்டி
6.12.2024

அப்பாவுக்கு,

முதுகு பரவாயில்லை. கேட்டதற்கு நன்றி என்று எழுத வரவில்லை, இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

வியாழக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. 15ஆம் தேதி ஞாயிறு வாருங்கள், அன்றுதான் கார்த்திகை கடைசி. பஸ் ஏறியதும் அன்புச்செல்வியை எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். நிறுத்தத்திலேயே நிற்பேன்.

நீங்கள் கேட்டதை அவரிடம் சொன்னேன். புதுப் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சிரித்தார். "மாமாவக் கம்பு மாவு கரைச்சு எடுத்துக்கிட்டு வரச் சொல்லு" என்றார். அதுதான் பதில் என்று நினைக்கிறேன். புளிக்காமல் கொண்டு வாருங்கள்.

வெற்றிலை வாங்கி வைத்திருப்பேன். கொடுப்பதா இல்லையா என்று வீட்டுக்கு வந்தபிறகு முடிவு செய்கிறேன்.

முன் சீட்டு அவருக்கு. நீங்கள் பின்னால்தான் உட்கார வேண்டும். முன்னால் உடைந்த இரண்டுக்கும் புது ஷாக், குட்டை ஸ்பிரிங்குக்கு ஏற்றதாகப் போட்டாயிற்று. பின்னால் இன்னும் பழைய ஷாக்தான். கல்யாணம் முடிந்துதான் மாற்றுவேன்.

அங்கேதான் நன்றாகத் தூக்கிப் போடும்.

கமலவேணி